கேம் ஆடுறதுக்கு எல்லாம் ஒரு சரித்திரமா?

நெட்ஃபிளிக்ஸில் 'ஹை ஸ்கோர்' என்று ஆறு பாகத்தில் ஒரு ஆவணப்படத் தொடர் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் வந்தது. வீடியோ கேம்களின் வரலாறுதான் விஷயம். மரியோவுக்குப் பல வருஷம் குரல் கொடுத்த சார்லஸ் மார்ட்டினே கதை சொல்கிறார். கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதே பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இப்போதும் பார்க்கலாம், ஒன்றும் பழசாகிவிடவில்லை.

பார்த்த நம்ம ஆட்களிடம் பேசியதில் மூன்று விதமான எதிர்வினை கிடைத்தது.

1. "இதுக்கெல்லாம் ஒரு டாகுமெண்டரியா? பசங்க ஏற்கனவே கெட்டுப்போய்க் கிடக்குதுங்க!" (பெற்றோர் கட்சி)
2. "அடடா, கான்ட்ரா, மரியோ... அது ஒரு காலம்!" (ஏக்கக் கட்சி)
3. "ஆறு பாகம் ஓடுது, இந்தியாவைப் பத்தி ஒரு பேச்சு இல்லையே?" (ரோஷக் கட்சி)

மூன்றுக்கும் என் பதில் இருக்கிறது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெற்றோர் கட்சி. ஐயா, இந்தத் தொடரில் கேம் ஆடுகிறவர்களை விட கேம் செய்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். நம்மைப் போல ஐ.டி.யில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு அதில் பாதிக் கதை சொந்தக் கதை மாதிரி இருக்கும்.

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடாரி கம்பெனிக்கு 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற நல்ல கேமைச் செய்து கொடுத்தவர். 1982-ல் 'ஈ.டி.' சினிமா ஓஹோவென்று ஓட, மேலிடம் அவரிடம் வந்து, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஈ.டி. கேம் வேண்டும் என்றது. கொடுத்த அவகாசம் ஐந்தே வாரம். மற்ற கேம்களுக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கிற காலம் அது. ஒற்றை ஆளாக முடித்தும் கொடுத்துவிட்டார். கேம் படுத்துவிட்டது. கம்பெனி விற்கிற அளவுக்கு மேல் தயாரித்து வைத்திருந்தது. மிஞ்சிய சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். 'ஒரு கேம் ஒரு தொழிலையே கவிழ்த்தது' என்று பல வருஷம் பழியைச் சுமந்தவர் வார்ஷா. தேதியை முடிவு செய்தவன் ஒருத்தன், பழி வேறொருத்தன் தலையில். எத்தனை ப்ராஜெக்டில் பார்த்திருக்கிறோம்! மனிதர் பின்னாளில் மனநல ஆலோசகர் ஆகிவிட்டார் என்பது கூடுதல் செய்தி. :-)

அடுத்தது எம்.ஐ.டி. பையன்கள் கதை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு (பெற்றோர் கட்சி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும்) அடுத்தவன் கேமைக் கொஞ்சம் கடினமாக்குகிற கூடுதல் போர்டு செய்து விற்றார்கள். அடாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம் ஆகி அதே அடாரிக்கே கேம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பேக்-மேனில் கைவைத்துச் செய்ததுதான் 1982-ல் 'மிஸ் பேக்-மேன்' ஆனது. பையன் ஒரு பொருளைப் பிரித்துப் போட்டால் 'கெடுத்துட்டியேடா' என்று கத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்க வைக்கிற கதை.

அதற்காகப் பெற்றோர் கட்சி சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தத் தொடர் ரொம்பத் தித்திப்பு. கடைகளில் வைத்திருந்த ஆர்கேட் பெட்டியே காசை விழுங்குவதற்காகத்தான். ஆள் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். அந்த வியாபாரப் பக்கத்தையும், விடமுடியாமல் ஆடுகிற பழக்கத்தையும் இவர்கள் அழுத்திக் கேட்கவில்லை. இன்றைய மொபைல் கேம் அதே காசு வேலையை இன்னும் சாமர்த்தியமாகச் செய்கிறது. அதே சமயம் ஆன்லைன் ரம்மியையும் மரியோவையும் 'கேம்' என்ற ஒரே சொல்லில் போட்டு உதைப்பதும் சரியில்லை. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் போட்ட சட்டமே பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸை ஆதரிக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த வித்தியாசம் வீட்டிலும் தெரிய வேண்டாமா?

இப்போது ஏக்கக் கட்சி. நாம் ஆடியது என்ன? 90களில் லிட்டில் மாஸ்டர், மீடியா என்று வந்த 'டிவி கேம்' பெட்டிகள். 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல்கள் அவை. '9999 இன் 1' என்று கேசட்டில் போட்டிருப்பான், ஆடிப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். வேலை செய்யாவிட்டால் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுவோம்.

அந்தக் கழற்றிச் சொருகுகிற கேசட் என்ற யோசனைக்குப் பின்னால் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின இன்ஜினியர் இருந்தார். 1976-ல் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் என்ற பெட்டியை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர்தான். பள்ளிக்கூட லேபில் ஒளிந்து ஆடிய 'டேஞ்சரஸ் டேவ்' ஞாபகமிருக்கிறதா? அதை எழுதிய ஜான் ரொமேரோதான் பிறகு 'டூம்' செய்தவர்களில் ஒருவர். இந்தத் தொடரிலும் வருகிறார். நமக்கு இந்தப் பெயர்கள் ஏன் தெரியாது? நகல் கேசட்டுகள் பலவற்றில் செய்தவன் பெயரையே அழித்துவிட்டுத்தான் விற்றார்கள். பெயர் தெரியாமலே வளர்ந்த தலைமுறை நாம்.

கடைசியாக ரோஷக் கட்சி. தொடர் பெரும்பாலும் அமெரிக்கா, ஜப்பான் என்றே சுற்றுகிறது, 1993-ஐ ஒட்டி 'டூம்', 'ஸ்டார் ஃபாக்ஸ்' என்று வந்து நின்றுவிடுகிறது. அந்தத் தேதிக்குள் நாம் உள்ளே வர வழியில்லை. என் வருத்தம் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது. 1997-ல் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்குப் படம், உருவம் எல்லாம் வரைந்து கொடுத்த கம்பெனி. 2019-ல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. புனேக்காரர்கள் செய்த 'ராஜி' என்ற கேம் 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளியானது. 'ஹை ஸ்கோர்' வந்தது அதற்கு மறுநாள்!

இதையெல்லாம் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? எங்கேயாவது ஒரு பேட்டி, ஒரு செய்தித் துணுக்கு. அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் டெல்லி பாலிகா பஜாரிலும் மும்பை லாமிங்டன் ரோட்டிலும் அந்தப் பெட்டிகளை விற்றவர்கள், பழுது பார்த்தவர்கள் எல்லாம் இன்று வயதானவர்கள். ஜெர்ரி லாசனை கேம் உலகம் மேடையேற்றி கௌரவித்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார். தொடரில் அவர் கதையை அவருடைய பிள்ளைகள்தான் சொல்கிறார்கள். நம்மாட்களின் கதையைச் சொல்ல அவர்கள் பிள்ளைகளுக்காவது தெரியுமா? 'அப்பா ஏதோ அனிமேஷன் கம்பெனியில இருக்கார்' என்பதற்கு மேல் தெரியாத குழந்தைகள் நிறைய.

இன்னொன்று. கோர்டன் பெல்லாமி என்பவர் 'மேடன்' கால்பந்து கேமில் கறுப்பின ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்த கதை இந்தத் தொடரில் வருகிறது. திரையில் தன்னைப் போல் ஒருத்தனைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதில் புரியும். நமக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டது. 2023-ல் டொராண்டோவிலிருந்து 'வெண்பா' என்ற கேம் வந்தது. 80களின் கடைசியில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா இட்லி செய்ய நாம் உதவ வேண்டும். தமிழ் பேச வெட்கப்படுகிற பையன், கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு. 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. ஊரை விட்டு வந்து, பிள்ளைகள் இந்தியிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்கிற நம் வீடுகளுக்கு இதைவிட நெருக்கமான கேம் கிடைக்காது.

ஆகவே என் சிபாரிசு இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பாகம் பாருங்கள். அப்புறம் 'எவ்வளவு நேரம்டா ஆடுவே?' என்று கேட்கிற வாயால் 'இதை யாருடா செஞ்சாங்க?' என்றும் கேளுங்கள். உங்கள் குடியிருப்பில் கேம் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தால் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் வையுங்கள்.

டிஸ்கி: தொடரைப் பார்த்துவிட்டுப் பையன் புது கன்சோல் கேட்டால் கம்பெனி பொறுப்பல்ல!