மீசை இருந்த படமும் பூனைக்கண் படமும்

பழைய படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மற்றது எப்படியோ போகட்டும், 'தில்லு முல்லு'வில் போய்க் கை வைத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை!

கே. பாலசந்தர் அதை எடுத்தது 1981-ல். நான் பார்த்தது ஏழெட்டு வருஷம் கழித்து, மண்ணச்சநல்லூரில் எதிர்வீட்டு டி.வி.யில். கூடத்தில் இடமில்லாமல் திண்ணை வரை கூட்டம். எங்கள் சித்தப்பா அப்போது பி.காம். முடித்துவிட்டு, அரிசி மில்லில் கணக்கு எழுதவாவது கூப்பிட மாட்டார்களா என்று அலைந்துகொண்டிருந்தார். வேலைக்காக ரஜினி முதலாளி தேங்காய் சீனிவாசனிடம் பவ்யமாகப் புளுகுகிறாரே, அந்த இடத்தில் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது சித்தப்பாதான். அம்மா மட்டும் படத்தை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அதுதாங்க விஷயம். அந்தப் பொய்க்குப் பின்னால் வயிற்றுப்பாடு இருந்தது. அப்பா அம்மா இல்லை, வீட்டில் ஒரு தங்கை, வேலை கட்டாயம் வேணும். முதலாளிக்கோ மீசை என்றால் உயிர். மாட்டிக்கொண்டதும், மீசையில்லாத தம்பி ஒருத்தன் இருக்கிறான் என்று கதை விட்டு, சொந்த மீசையை எடுத்துவிட்டு ஒட்டு மீசையோடு ஆபீஸ் போகிறார். பசை விட்டால் வேலை போச்சு! நமக்குப் பக்கென்றிருக்கும், சிரிப்பும் வரும்.

சௌகார் ஜானகியைச் சொல்லாமல் விட்டால் பாவம். இல்லாத அம்மாவுக்காக நடிக்க வந்த பணக்கார அம்மாள். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் அவங்களும் இரட்டைப் பிறவி ஆகிவிடுகிறார்! 'இரு கோடுகள்' மாதிரிப் படங்களில் நம்மை அழவைத்தவர், ஐம்பதை நெருங்கும் வயசில் இப்படி ரகளை பண்ணினார். அந்த வயசுப் பொம்பளைக்கு சினிமாவில் இருமலும் கண்ணீரும்தானே கொடுப்பார்கள்? 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ என்று செய்தி வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த அம்மாள்தான்.

இதுவே ஹிந்தியிலிருந்து வந்த கதைதானே என்பீர்கள். வாஸ்தவம். ரிஷிகேஷ் முகர்ஜி 1979-ல் எடுத்த 'கோல்மால்'தான் மூலம். மறுபடி எடுப்பது குற்றமில்லை. பாலசந்தரும் வசனம் எழுதிய விசுவும் அதை நம்ம வீட்டு அடுப்பில் வைத்துத் தாளித்தார்கள், அவ்வளவுதான்.

2013-ல் புதுசு வந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து சத்திரத்தில் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பத்ரி டைரக்‌ஷன், சிவா கதாநாயகன், முதலாளியாகப் பிரகாஷ்ராஜ். அம்மாவாக நடிப்பவர் கோவை சரளா. அவரிடம் திறமைக்கென்ன குறைச்சல்? வேலை கொடுத்தால்தானே! எம்.எஸ்.வி.யே யுவனோடு சேர்ந்து இசையமைத்திருந்தார், எஸ்.பி.பி.யின் பழைய பாட்டும் புது மெட்டுப் பூசி வந்தது. ஆனால் மீசைக்குப் பதிலாகப் பூனைக்கண்ணாம். மீசை என்றால் நம்ம பக்கம் மானம், கௌரவம். எடுக்கிறவனுக்கும் கை நடுங்கும். கண்ணில் மாட்டிக் கழற்றுகிற லென்ஸுக்கு யார் பயப்படப் போகிறார்கள்? வேலை போய்விடுமோ என்ற கவலையே கதாநாயகன் முகத்தில் இல்லை. ஜோக்குக்கு மேல் ஜோக்காக அடித்துக்கொண்டே போகிறார்.

பாதிப் படத்தில் அம்மா என் காதோரம், "சௌகார் எப்படீ வருவா?" என்றாள். நான் என்ன பதில் சொல்ல? திரும்பும்போது கொள்ளிடம் பாலம் தாண்டுகிற வரை அவள் வாயே திறக்கவில்லை.

போன மாதம் என் பெண் ஓர் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு முகம் செத்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காபி கலந்து கொடுத்துவிட்டுப் பழைய 'தில்லு முல்லு'வைப் போட்டேன். கறுப்பு-வெள்ளை காலத்துப் படமா என்று சிணுங்கியவள், தேங்காய் சீனிவாசன் வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, இதை மட்டும் இன்னொரு தடவை போடேன்" என்றாள்.