பதில் வராதபோது

தொலைவிலுள்ள நண்பருக்குக் கடிதம் எழுதிப் பதில் வராதபோது நாம் மூன்று விதமாக எண்ணுகிறோம். கடிதம் போய்ச் சேரவில்லை. சேர்ந்தும் அவர் எழுதவில்லை. எழுதிய பதில் வழியில் தொலைந்துவிட்டது. எது நடந்தது என்பதை மௌனம் சொல்வதில்லை. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதிலும் இதே சிக்கல் உண்டு. சேவையைக் கேட்கும் கணினி கிளையண்ட்; செய்து தருவது சர்வர். இரண்டுக்கும் நடுவே செய்திகள்தான் போய்வருகின்றன.

ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேறொரு கணினியில் நடக்க வேண்டிய வேலையை, தன் கணினிக்குள் நடப்பதைப் போலவே நிரலாளர் அழைக்கும் வழியை அது விளக்கியது. அவ்வசதி வளர்ந்து, தொலைவே இல்லை என்ற பாவனை மென்பொருள் உலகில் வேரூன்றியபோது, சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜிம் வால்டோவும் அவருடைய மூன்று சகாக்களும் 1994-இல் அதை மறுத்து எழுதினர். செய்தி செல்லும் தாமதமும், ஒரு பகுதி மட்டும் செயலிழந்து மறுபகுதி இயங்குவதும் மூடி மறைக்கக்கூடியவை அல்ல என்பது அவர்கள் வாதம்.

நாங்கள் வால்டோவின் பக்கமே நிற்கிறோம். இது வல்லுநர்களுக்கு மட்டுமான வழக்கு அன்று. பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்தப் பொத்தானை அழுத்துகிறோம். திரை சற்று நேரம் சுழன்றுவிட்டு, "மீண்டும் முயலவும்" என்கிறது. அழுத்தினால் பணம் இருமுறை போகலாம். அழுத்தாவிட்டால் சீட்டே இல்லாமல் போகலாம். சர்வரின் மௌனத்தைத் தோல்வி என்று அந்தத் திரை நமக்கு மொழிபெயர்த்துவிடுகிறது. அந்த மொழிபெயர்ப்பு பிழையானது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்துவிட்டால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே அனுப்பும். அழைப்புக்கு அடையாளம் இட்டு இரட்டிப்பைத் தவிர்க்கும் உத்தி அந்த 1984 கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் எண்ணை அழுத்தலுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பயனில்லை. வாங்குபவரின் நோக்கத்துக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். அவர் ஐந்து முறை அழுத்தினாலும் கேட்பது ஒரே சீட்டைத்தானே?

அதுவும் இயலாத இடத்தில், "என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை, விசாரிக்கிறோம், பொறுத்திருங்கள்" என்று திரை சொல்லட்டும். அறியாததை அறியாததாகச் சொல்வது மென்பொருளுக்கு இழுக்கு அன்று. அதைக் கேட்கும் உரிமை பணம் கட்டியவருக்கு உண்டு.