மூன்று டிராகன் செதில், ஒரு ஷாக் அப்சார்பர்

ஒரு வருடமாக இணையத்தில் வரும் தமிழ் மிகுபுனைவுகளை விடாமல் படித்துவருகிறேன். பாதிக் கதைகளில் யாராவது ஒருவர் உட்கார்ந்து ஒரு மந்திரப் பொருள் செய்கிறார். டிராகன் செதில் மூன்று, பௌர்ணமியில் பறித்த பூ ஐந்து, தேவதையின் கண்ணீர் ஒரு துளி. கலந்து இரண்டு வரி முணுமுணுத்தால் பேசுகிற தேநீர்க் கோப்பை வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் மேகத்தில் நெய்த துப்பட்டா, சோம்பேறித் துடைப்பம், பொய் சொன்னால் தும்மும் மோதிரம். தும்மும் மோதிரம் எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

குறும்பு இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் செதில் எங்கிருந்து வந்தது? உரித்தது யார்? உரிக்கும்போது டிராகன் உயிரோடு இருந்ததா? கிலோ என்ன விலை? கதாநாயகி பையைத் திறக்கிறாள், உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். வீடியோ கேமிலிருந்து வந்த பழக்கம் இது. அங்கே நாலு பொருளை இழுத்து ஒரு கட்டத்தில் போட்டால் வாள் தயார். வேர்க்காமல் ஆடத்தானே கேம்? அதே சலுகையைக் கதைக்கும் கொடுத்துவிட்டோம்.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில். பொருள் செய்வது என்றால் எனக்கு சிப்காட் பக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். ஓட்டை வாளி, சைக்கிள் ஃபோர்க், கதவுக் கீல், என்ன கார் என்றே தெரியாத காரின் பாகம். அதையெல்லாம் ஃபர்னஸில் ஆயிரத்து அறுநூறு டிகிரிக்கு மேல் உருக்கி, பில்லட்டாக வார்த்து, கம்பியாக உருட்டுகிறார்கள். டிஎம்டி கம்பியைச் செக்கச்சிவந்த சூட்டிலேயே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். வெளித்தோல் கடினமாகிவிடும், உள்ளே இளக்கமாகவே இருக்கும். உங்கள் வீட்டுத் தூணுக்குள் இருப்பது அதுதான். எந்த மந்திரவாதி இதற்கு மேல் செய்துவிடப் போகிறார்?

ஆனால் இங்கே பொருள் திருப்பி அடிக்கும். இருபக்கமும் மூடிய ஷாக் அப்சார்பர், அடைத்த சிலிண்டர், மழையில் நனைந்த ஸ்கிராப், இதில் எது உள்ளே போனாலும் வெடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பைத் தூக்கி வீசும். ஃபர்னஸில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருமுறை சொன்னார்: “ஒரு சொம்புத் தண்ணி போதும் தம்பி, கூரை போயிரும்.” சொல்லும்போதே முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். மே மாதம் அது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

சபிக்கப்பட்ட பொருள் என்று எழுதுகிறீர்களே, நிஜத்தில் ஒன்று இருந்தது. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து ஒரு கதிர்வீச்சுக் கருவியை இரண்டு பேர் பழைய இரும்புக்காகப் பெயர்த்து விற்றார்கள். வாங்கிய காயலான் கடைக்காரர் இரவில் பார்த்தால் உள்ளேயிருந்த தூள் நீலமாக ஒளிர்ந்தது. அபூர்வப் பொருள் என்று நினைத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தார். மனைவிக்கு அதில் மோதிரம் செய்யவும் ஆசைப்பட்டார். அது சீசியம்-137. அந்த மனைவியும், தூளை உடம்பில் பூசி விளையாடிய ஆறு வயதுப் பெண் குழந்தையும் உட்பட நான்கு பேர் செத்துப்போனார்கள். தூரத்து ஊர்க்கதை என்று தள்ள வேண்டாம். 2010-ல் டெல்லி மாயாபுரியில் இதேதான் நடந்தது. பல்கலைக்கழகத்தில் சும்மா கிடந்த கருவி ஏலத்தில் காயலான் கடைக்குப் போனது, உள்ளே கோபால்ட்-60. பிரித்த தொழிலாளிகளில் ஒருவர் இறந்தார்.

நீல ஒளி, மோதிரம், குழந்தை. உங்கள் கதைகளில் வரும் அதே சாமான்கள்தான். ஆனால் இங்கே ஒளிர்கிற பொருளுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதை யாரோ செய்தார்கள், யாரோ விட்டுப்போனார்கள், வயிற்றுப்பாட்டுக்காக யாரோ எடுத்தார்கள்.

“அப்ப மரபுக்குத் திரும்பச் சொல்றீங்களா?” என்று ஒரு நண்பன் கேட்டான். இல்லவே இல்லை. ரசமணி விற்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். டிராகனும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மணிமேகலையின் அமுதசுரபியை மட்டும் ஒருமுறை பாருங்கள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், சரி. முன்னால் அதை வைத்திருந்த ஆபுத்திரனுக்கு என்ன ஆனது? பாண்டிய நாட்டில் மழை கொட்டி விளைச்சல் பெருகியது. சாப்பாடு கேட்டு ஒருத்தரும் வரவில்லை. பாத்திரத்தில் ஒரு கீறல்கூட இல்லை, பசித்தவர்தான் இல்லை. பஞ்சம் பட்ட சாவகத்துக்குக் கப்பலேறினான். வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊட்ட ஆளின்றித் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமில்லாமல் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இறந்தான். பிறகு மணிமேகலை கைக்கு அது வந்தபோதும் சும்மா வேலை செய்யவில்லை, ஆதிரை முதல் பிச்சை இட வேண்டியிருந்தது. அடுத்தவர் பசியும் அடுத்தவர் கையும் இல்லாமல் அந்தப் பாத்திரத்துக்கு வேலையே கிடையாது. உங்கள் தேநீர்க் கோப்பை என்ன செய்கிறது? ஜோக் சொல்கிறது.

மூலப்பொருள் பட்டியல்தான் வேண்டுமென்றால் அதுவும் நம்மிடம் உண்டு. இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே மூடப் பச்சை எருக்கிலை. மண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி, துருத்தி வைத்து ஊத வேண்டும். மந்திரச் சுவடி மாதிரி இருக்கிறதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் பக்கத்து உருக்கு செய்முறையை வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் குறித்துவைத்தார்கள். கட்டையிலும் இலையிலும் இருக்கும் கரி இரும்புக்குள் ஏறி உருக்காகிறது. இந்திய உருக்கின் ரகசியம் என்னவென்று லண்டனில் ஃபாரடே உட்கார்ந்து ஆராய்ந்தார். ஊதியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. இதை எழுத யாருக்கும் தோன்றவில்லை, எல்லாரும் மித்ரில் எழுதுகிறோம்.

“கதை தப்பிச்சுப் போறதுக்குத்தானே, அங்கயும் ஃபர்னஸா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். 1951-ல் வந்த பாதாள பைரவியில் கேட்டதையெல்லாம் கொடுக்கும் ஒரு சிலை இருக்கிறது. அதை அடைய மந்திரவாதிக்கு ஒரு வீரனின் உயிர் பலியாக வேண்டும். படம் முழுக்க ஜாலிதான், ஆனால் யார் கழுத்து போகும் என்ற பயம்தான் நம்மை உட்கார வைத்தது. விலை எழுதியிருந்ததால் மாயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

திருவள்ளூர் பக்கம் வந்தால் பூண்டித் தொல்பழங்கால அகழ்வைப்பகத்தையும் எட்டிப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றுப் படுகைக் கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. அதே படுகையின் அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த மிகப் பழையவற்றுக்குப் பதினைந்து லட்சம் வயது என்று 2011-ல் ஆய்வு வெளியானது. கைக்கோடரியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தழும்பு இருக்கும். கடைசி அடி எங்கே விழுந்தது என்றுகூட உற்றுப் பார்த்தால் தெரியும்.

தும்மும் மோதிரம் எழுதியவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு கேள்வி. அந்த உலோகத்தை உருக்கிய ஆள், கையில் இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டால், என்ன பொய் சொல்வார்? அப்போது மோதிரம் தும்முமா? அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறேன்.