வடமுனைச் சோதியும் வழிகாட்டியும்

காசு கொடுத்துக் காணத்தக்க காட்சிகள் உலகிற் பல உள. கோட்டைகளும் கோபுரங்களும் நூதனசாலைகளும் குறித்த நேரத்திற் கதவு திறந்து நம்மை வரவேற்கும். ஆனால், எவ்வளவு பணம் கொடுத்தாலும், "இன்றிரவு கட்டாயம் காட்டுவேன்" என்று எவரும் வாக்களிக்க இயலாத காட்சி ஒன்றும் உண்டு. அதுவே வட ஐரோப்பாவின் இராக்கால வானில் தோன்றும் வடமுனைச் சோதி.

இக்காட்சி நம்மவருக்கு முற்றிலும் தொலைவானதன்று. 1980ஆம் ஆண்டுகளில் நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் இலங்கைத் தமிழர் பலர் வேலை செய்தனர். அந்நாட்டில் வேரூன்றிய குடும்பங்கள் இன்று ஊரிலிருக்கும் தாய் தந்தையரை அழைத்துச் சில வாரங்கள் வைத்துப் பார்க்கின்றன. அவ்வாறு அழைக்கும்போது, "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த ஒளியையும் காட்டிவிட வேண்டும்" என்ற ஆசை பிள்ளைகளுக்கு எழுவது இயல்பே. தனி வாகனமும் வழிகாட்டியும் அமர்த்திச் செல்வதற்கு ஆகும் செலவோ சிறிதன்று. குளிரில் உழைத்துத் தேடிய பணம் அது. ஆகையால், அப்பணத்திற்கு நாம் பெறுவது யாது, பெறாதது யாது என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்ளுதல் நன்று.

முதலில், இச்சோதி யாதென்பதை மாணவர்களுக்காகச் சுருங்கக் கூறுவோம். சூரியனிலிருந்து இலத்திரன்களும் புரோத்தன்களும் காற்றுப்போல எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கின்றன. செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இச்சூரியக் காற்று, 15 கோடி கிலோமீற்றரைக் கடந்து பூமியை அடைய நான்கு நாட்கள் வரை எடுக்கும். பூமியின் காந்தப்புலம் அதனைத் தடுத்து விலக்குகிறது. எனினும், அதன் ஆற்றலில் ஒரு பகுதி அக்காந்தப்புலத்தினுள் சேர்ந்து, இலத்திரன்களை முடுக்கி, காந்த முனைகளைச் சூழ்ந்த பிரதேசத்தை நோக்கிச் செலுத்துகிறது. அவை மேல்வளியிலுள்ள அணுக்களோடு மோதும்போது அவ்வணுக்கள் ஒளிர்கின்றன. 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் தருவது பச்சை நிறம். 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் தருவது சிவப்பு. நைதரசன் நீலத்தையும் ஊதாவையும், சில வேளைகளில் ஒளித்திரையின் கீழ்க்கரையில் இளஞ்சிவப்பையும் தருகிறது.

இவ்வுண்மையின் பெரும்பகுதியைக் கண்டு சொன்னவர் நோர்வே நாட்டுப் பௌதிக அறிஞர் கிறிஸ்தியன் பிர்க்கலண்ட் ஆவர். அவர் 1899இல் வட நோர்வேயின் ஆல்ற்றா என்னும் ஊருக்கு அண்மையில், ஹால்தே மலையுச்சியில், கடும் பனிப்புயல்களுக்கிடையே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். பின்னர், காற்று நீக்கிய கண்ணாடிப் பேழையினுள் காந்தமூட்டிய சிறு கோளமொன்றை வைத்து, அதன்மீது இலத்திரன்களைப் பாய்ச்சி, முனைகளைச் சுற்றி ஒளி வளையம் தோன்றுவதைக் காட்டினார். அவர் 1917இல் காலமானார். விண்ணிலிருந்து பாயும் மின்னோட்டங்களைப் பற்றி அவர் கூறியவற்றை அறிஞர் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1960ஆம் ஆண்டுகளுக்குப் பின்னர் செய்மதிகள் அளந்து பார்த்தபோதே அவர் சொல் மெய்யென்று நிலைநாட்டப்பட்டது.

இவ்வொளி முனைக்கு நேர்மேலே மட்டும் தோன்றுவதன்று. காந்த முனையைச் சூழ்ந்து ஒரு மாலைபோல அமைந்த வளையத்திலேயே மிகுதியாகத் தோன்றும். நம் நாடோ காந்த நடுக்கோட்டிற்கு அருகிலுள்ளது. அக்கோடு அண்மையிற் செல்வதனாலேயே 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஆராய்ச்சி ரொக்கெற்றுகளை ஏவத் தொடங்கினர். எனவே நமது வானில் இச்சோதியை எதிர்பார்த்தல் வீண். 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி எழுந்த பெருங் காந்தப்புயலின்போது பம்பாய் வரை அது தென்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்துப் புயலின்போது லடாக்கின் ஹன்லே வானத்தில் அதன் செந்நிறம் படம் பிடிக்கப்பட்டது. இவை எப்போதோ ஒரு முறை நிகழ்வன.

அவ்வொளி வளையத்தின் நேர்கீழே அமைந்திருப்பது நோர்வேயின் துரோம்சோ நகரம். 69 பாகைக்கும் அதிகமான வட அகலக்கோட்டில், ஆட்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர் வடக்கே, ஒரு தீவின்மேல் அது இருக்கிறது. அட்லாந்திக் சமுத்திரத்தின் வெந்நீரோட்டம் அக்கரையை அணைத்துச் செல்வதால், தை மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மூன்று நான்கு பாகை கீழே மட்டுமே நிற்கிறது. விமான நிலையமும் பல்கலைக்கழகமும் வைத்தியசாலையும் அங்கே உண்டு. முதியோரையும் சிறுவரையும் அழைத்துச் செல்வோர் இவ்வூரைத் தெரிவதற்கு இவையே காரணம்.

காலத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். மே பிற்பகுதி தொடக்கம் யூலை பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதேயில்லை; அப்போது சென்றால் இச்சோதியைக் காண வழியில்லை. நவம்பர் பிற்பகுதி முதல் தை நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதேயில்லை. செப்டெம்பர் தொடக்கம் மார்ச் வரையுள்ள மாதங்களில், மாலை ஆறு மணிக்கும் பின்னிரவு இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரமே பொதுவாக உகந்தது.

இங்கே விளம்பரக்காரர் கூறும் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறோம். சூரியனின் கொந்தளிப்பு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை உச்சமடைகிறது. அவ்வுச்சக் காலம் வந்துவிட்டதென்று 2024 ஒக்டோபரில் அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்தனர். இதனைக் காட்டி, "இப்போது வராவிட்டால் இன்னும் பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்" என்று சிலர் அவசரப்படுத்துவர். இலண்டனுக்கோ பாரிசுக்கோ அது ஓரளவு பொருந்தும். ஒளி வளையத்தின் கீழேயே இருக்கும் துரோம்சோவுக்குப் பொருந்தாது. சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளிலும் அங்கே சோதி தோன்றும். ஆகையால், கடன்பட்டு ஓடவேண்டிய அவசரம் எவருக்கும் இல்லை.

அவ்வாறாயின் அங்கு சென்றும் பலர் காணாது திரும்புவது ஏன்? மேகமே காரணம். நூறு கிலோமீற்றர் உயரத்தில் எத்துணை அழகான கூத்து நிகழ்ந்தாலும், இரண்டு மூன்று கிலோமீற்றர் உயரத்திலுள்ள மேகம் அதனை முழுவதும் மறைத்துவிடும். கடலோர நகரமாதலால் துரோம்சோவில் மேகம் அதிகம். ஆனால் கடற்காற்று மலைகளில் ஏறும்போது தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைகளுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குகளில் வானம் தெளிந்திருப்பதுண்டு. ஷீபொத்தன் என்னும் இடம் அதற்குப் பெயர்பெற்றது. அங்கும் மேகமிருப்பின் பின்லாந்தின் எல்லையைக் கடந்து கில்பிஸ்யார்வி வரை செல்வர். நகரிலிருந்து அது 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம்.

இந்த இடத்திலேதான் வழிகாட்டி வேண்டப்படுகிறார். அவர் ஒளியை உண்டாக்குபவரல்லர், வானிலையைப் படிப்பவர். மாலையில் செய்மதிப் படங்களையும் காற்றின் திசையையும் ஆராய்ந்து, எந்தப் பள்ளத்தாக்கில் எந்த நேரத்தில் வானம் திறக்கும் என்று கணித்து, அவ்விடத்திற்கு நம்மைக் கொண்டு செல்கிறார். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் விண்கலங்கள் சூரியக் காற்றை அளந்து அனுப்பும் செய்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முந்தியே அவருக்குக் கிடைக்கிறது. இவற்றை யாவரும் கைத்தொலைபேசியிற் பார்க்கலாம். ஆயினும், எந்தக் கிளைவீதி பனியால் மூடப்பட்டிருக்கும், எந்த மலை எந்தக் காற்றைத் தடுக்கும் என்பன அங்கே பல மாரிகளைக் கழித்தவருக்கே தெரியும்.

"வாடகைக்கு ஒரு கார் எடுத்து நாமே ஓட்டினால் என்ன?" என்று இளைஞர் கேட்பர். உறைந்த வீதியில் ஓட்டிப் பழகாதவர் அதனைத் தவிர்த்தலே நலம். கண்ணாடிபோன்ற பனிப்படலம் இருளிற் கண்ணுக்குத் தெரியாது. கலைமான்கள் திடீரென்று வீதியைக் கடக்கும். இவற்றைவிட ஆபத்தானது, சாரதியின் கண்கள் வீதியை விட்டு வானத்தை நோக்குவதாகும். ஒருவர் ஓட்டுதலையே கவனிக்க, மற்றவர் வானத்தைப் பார்த்தல் என்னும் ஒழுங்கு வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு உயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது.

பேருந்திற் கூட்டமாகச் செல்வதற்கும் தனியாகச் செல்வதற்கும் விலையிற் பெரிய வேறுபாடு உண்டு. தனித்துச் செல்லும் மாணவருக்குப் பேருந்தே போதும். வானம் தெளிந்த இரவில் அதுவும் தேவையில்லை. அத்தீவின் மேட்டிலுள்ள பிரெஸ்ட்வன்னெற் ஏரிக்கரைக்கு நடந்து சென்று, விளக்கொளி குறைந்த பக்கமாக நின்றால் செலவின்றியே காணலாம். ஆனால் முழங்கால் நோவுடைய தாயும், நித்திரைக்கு அழும் குழந்தையும் உள்ள குடும்பத்துக்குத் தனி வாகனம் பெரும் உதவி. வேண்டிய இடத்தில் நிற்கலாம். உள்ளேயிருந்து வெப்பம் பெறலாம். இயலாதபோது நேரத்தோடு திரும்பலாம். பலர் சேர்ந்து செல்லும்போது தலைக்கு வரும் செலவும் குறையும்.

பணம் கட்டுமுன் சில கேள்விகளைத் தயக்கமின்றிக் கேட்டல் வேண்டும். ஆட்களை ஏற்றிச் செல்வதற்குச் சட்டப்படியான அனுமதி உண்டா? வானம் மூடியிருந்தால் எவ்வளவு தூரம் வரை செல்வீர்? எல்லாத் திசையிலும் மேகமெனத் தெரிந்தால் அதனை முன்கூட்டியே சொல்வீரா, பணத்தைத் திருப்புவீரா, வேறொரு நாளைத் தருவீரா? குழந்தைக்கேற்ற ஆசனமும் கடுங்குளிருக்கேற்ற மேலங்கியும் உண்டா? இவற்றுக்கு நேரிய விடை தருபவரே நல்ல வழிகாட்டி. "நூற்றுக்கு நூறு காட்டுவேன்" என்பவரிடமிருந்து விலகுக. ஒரே இரவை நம்பிச் செல்லாமல், மூன்று நான்கு இரவுகள் தங்குமாறு திட்டமிடுதலும் அறிவுடைமை. எல்லை கடக்க நேரிடலாமாதலால் கடவுச்சீட்டும் கையில் இருத்தல் வேண்டும்.

உடையிற் கவனம் தேவை. நகரில் உறைநிலையை ஒட்டியிருக்கும் குளிர், உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் 20 பாகை கீழே இறங்குவதுண்டு. உள்ளே கம்பளி, அதன்மேற் கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் அங்கி என்று அடுக்கி உடுத்தல் வேண்டும். சப்பாத்து இறுக்கமாயிருந்தால் கால் விரைவில் விறைத்துவிடும். இருதய நோயோ ஆஸ்துமாவோ உடைய முதியவர் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டல் அவசியம்.

இன்னும் ஒன்று. அதனைச் சொல்லாமல் விடுவதாலேயே பலருக்கு ஏமாற்றம் நேரிடுகிறது. படங்களிற் காணும் கடும் பச்சையும் செம்மையும் எல்லா இரவுகளிலும் வெறுங்கண்ணுக்குத் தெரிவனவல்ல. கமரா பல செக்கன்கள் ஒளியைச் சேர்த்துவைத்துப் படமாக்குகிறது. மனிதக் கண்ணோ மங்கிய ஒளியில் நிறங்களைப் பிரித்தறிய மாட்டாது. ஆகையால் மெலிந்த சோதி, வானில் நீண்டு கிடக்கும் சாம்பல் நிற முகிலைப்போலவே தோன்றும். வலிமையான சோதி எழும்போது பச்சை தெளிவாகத் தெரியும். திரைச்சீலை அசைவதுபோல் அது அசையும். கீழ்க்கரை சிவந்து ஓடுவதையும் காணலாம். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமளவில் வேண்டும். அதற்கிடையே கைத்தொலைபேசியை ஒருமுறை பார்த்தாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். படமெடுக்கும் வேலையை வழிகாட்டியிடம் விட்டுவிட்டு, கண்ணாற் பார்ப்பதே மேல்.

அப்பிரதேசத்தின் பழங்குடியினராகிய சாமி இன மக்கள் இச்சோதியின் முன் ஆரவாரம் செய்வதில்லை. அதனைப் பார்த்துச் சீழ்க்கையடித்தலும் கேலி செய்தலும் ஆகாவென்று சிறுவர்களுக்குச் சொல்லி வளர்த்தனர். காரணத்தை நாம் ஏற்கலாம், ஏற்காது விடலாம். ஆனால் கோயில் மூலத்தானத்தின் முன் பேச்சடங்கி நிற்கப் பழகிய நம்மவருக்கு அவ்வொழுக்கம் புதியதன்று.

பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், நிறப்படங்களைக் காட்டி ஆசை மூட்டாமல், உண்மையைச் சொல்லி அழைத்துச் செல்வார்களாக. "மேகம் இருக்கலாம், அம்மா; வந்தால் பார்ப்போம்; வராவிட்டால் பனியையும் நட்சத்திரங்களையும் பார்த்துத் திரும்புவோம்" என்று சொல்லிப் புறப்பட்டால், சாம்பல் நிறக் கீற்றொன்று தோன்றினும் அது மகிழ்ச்சியே. நாம் விலைகொடுத்துப் பெறுவது ஒரு நல்ல மனிதரின் அனுபவத்தையும், பத்திரமாகப் போய்வரும் வழியையுமே. சோதி தோன்றுவது வானத்தின் கையிலிருக்கிறது. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிந்தவர், கண்டாலும் காணாவிட்டாலும், பணத்தை இழந்தோமென்று வருந்தமாட்டார்.