சாதத்தை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

"மாமியாருக்கு மார்பில் புற்றுநோய். சர்க்கரைதான் அதற்குத் தீனியாம். வீட்டில் சாதத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். சரிதானா அக்கா?" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வேண்டவே வேண்டாம், அம்மா!

இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. நம் உடம்பின் நல்ல செல், பிராணவாயுவின் துணையோடு குளுக்கோஸை நிதானமாக எரித்து, ஏறக்குறைய 30 பங்கு சக்தி எடுத்துவிடும். பல புற்றுநோய் செல்களோ, பிராணவாயு தாராளமாக இருந்தும், பெரும்பகுதியைப் பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. அந்த வழியில் கிடைப்பது 2 பங்குதான். விறகை விழுங்கிப் புகை கக்கும் அடுப்பு மாதிரி! அதனால் குளுக்கோஸை அள்ளி அள்ளி இழுக்கின்றன. 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி கண்டது இது. செல்லின் சுவாசமே கெட்டுப்போனதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். பல கட்டிகளில் அது கெடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. வேகமாகப் பெருகுகிற செல்லுக்குக் கட்டுமானச் சாமான் வேண்டுமே, அதற்கும் குளுக்கோஸ்தான் உதவுகிறது. பெட் ஸ்கேன் பல கட்டிகளைக் காட்டிக்கொடுப்பதும் இந்தப் பேராசையை வைத்துத்தான்.

சரி, சாதத்தை நிறுத்தினால்? ஈரல் சும்மா இருக்காது. தசையைக் கரைத்தாவது ரத்தத்தில் சர்க்கரையைக் கொண்டுவந்துவிடும். கட்டிக்குக் கிடைப்பது கிடைத்துவிடும், மெலிவது மாமியார்தான். சிகிச்சையைத் தாங்கத் தெம்பு வேண்டாமா? குழைந்த சாதம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை என்று எது தொண்டையில் இறங்குகிறதோ, கொடுங்கள். நீரிழிவு இருந்தால் டாக்டர் சொன்ன அளவு. எடை குறைந்திருந்தால் அடுத்த முறை போகும்போது மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.