நான்கு நகங்களும் ஓர் அரமும்

இந்தியாவில் பழைய வேட்டைத் துப்பாக்கி என்பது அலமாரிச் சாமான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வேலை ஏறக்குறைய போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிப்பது, எண்ணெய் போட்டுத் துடைப்பது, விருந்தாளிகளுக்குக் காட்டுவது என்று அதன் வாழ்க்கை சுருங்கிவிட்டது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கதை வேறு. தாத்தாவின் ரைபிளோடு பேரன் இன்றும் அந்தி நேரத்தில் மரப்பரணில் ஏறி உட்காருகிறான், காட்டுப்பன்றி வரும் என்று. ஐம்பது வயதுப் பேரனுக்கு மங்கிய வெளிச்சத்தில் குழல் நுனியிலுள்ள குறி தெரிவதில்லை. ஸ்கோப் வேண்டும். அதை எப்படிப் பொருத்துவது என்பதில் வம்பு ஆரம்பமாகிறது.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. போல்ட் ஓடும் எஃகுக் கூட்டில் நான்கு துளை போட்டு, மரை வெட்டி, கடையில் கிடைக்கும் பட்டையைத் திருகிவிடலாம். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் போட்ட துளை போட்டதுதான். ஓக் இலையும் மானும் பொறித்த பழைய ரைபிளை அப்படித் துளைத்தால் அதன் விலை அன்றே இறங்கிவிடும்.

இன்னொரு வழிக்கு வயது அதிகம். துரிங்கியா பகுதியின் துப்பாக்கி நகரமான ஸூலின் பெயரால் அழைக்கப்படும் கொக்கிப் பிடி அது. ஸ்கோப்பின் அடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எஃகு நகங்கள். முன்நகங்களைக் குழல் மேலுள்ள பீடத்தின் பள்ளத்தில் சாய்வாக நுழைத்து, பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால் 'டக்' என்று தாழ்ப்பாள் விழும். கழற்ற வேண்டுமானால் விரலால் ஒரு விசையைத் தள்ளித் தூக்கினால் போதும். திருப்புளி வேண்டாம்.

எதற்காகக் கழற்ற வேண்டும்? அந்தக் காலத்து ஸ்கோப்புகளுக்குள் ஈரம் புகும்; மழை நாளில் கண்ணாடியில் உள்ளே பனி படரும். அதனால் தனித் தோலுறையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். அதைவிடப் பெரிய காரணம், அடிபட்ட பன்றி. புதருக்குள் புகுந்துவிட்ட மிருகத்தைத் தேடிப் போகிறவனுக்கு நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும் மயிர்க்கற்றையால் பயன் இல்லை. பத்தடி தூரத்தில் அது பாய்ந்து வந்தால் குழலின் நுனிதான் அவனுக்குத் தெரிய வேண்டும்.

பொருத்துவது அரத்தின் வேலை. நகத்தை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவிட்டு, பீடத்தில் மாட்டி எடுத்துப் பார்ப்பார்கள். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே எஃகு உரசுகிறது. அங்கே மட்டும் ஓர் இழுப்பு இழுத்து, மறுபடி புகை, மறுபடி அரம். நான்கு நகங்களும் ஒரே சமயத்தில் உட்காரும்வரை நாள்கணக்கில் இதுதான். இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு பீடங்களுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் 100 மீட்டரில் குண்டு சுமார் 8 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். அந்த மிருகம் ராத்திரி முழுக்கப் புதரில் கிடந்து சாகும். (இதை எழுதுகிறவனுக்கு வேட்டையில் ருசி கிடையாது. அரம் பிடிக்கிற கையின் மீதுதான் மோகம்.)

எல்லா ரைபிளும் ஒன்று போல இடம் கொடுக்காது. 1903-இல் வந்து 1972 வரை தயாரான ஆஸ்திரியாவின் மன்லிக்கர் ஷோனவரில் பின்பாலம் நடுவே பிளந்திருக்கும். போல்டின் கைப்பிடி அந்தப் பிளவு வழியாகத்தான் போய்வரும். பிளவின் மேல் பீடம் வைத்தால் துப்பாக்கியே இயங்காது. ஒரு பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். தோட்டாவை மேலிருந்து போடவும் காலிக்கூடு மேலே எகிறவும் இடைவெளி விட வேண்டும். ஆஸ்திரியத் தெற்கின் ஃபெர்லாக்கில் இதையெல்லாம் கற்றுத்தரப் பள்ளிக்கூடமே இருக்கிறது.

இரட்டைக் குழல், மூன்று குழல் துப்பாக்கிகளில் வேறோர் ஆபத்து. குழல்கள் பெரும்பாலும் ஈயப்பற்றால் ஒட்டியவை. பீடத்தைப் பற்றவைக்கும்போது சூடு கூடினால் பழைய ஒட்டும் இளகும். வேலை முடிந்ததும் நீலநிறம் ஏற்றுகிறேன் என்று கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கினால் காரம் ஈயத்தைத் தின்றுவிடும். மெள்ளத் துருப்பிடிக்க வைத்துத் தேய்க்கும் பழைய முறைதான் இவற்றுக்குச் சரி.

பீடம் மட்டும் இருந்து ஸ்கோப் இல்லாத ரைபிள்கள் ஏராளம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலுக்குள் நுழைந்தது. ஜூலையில் நகரம் சோவியத் கைக்குப் போயிற்று. அந்த நாட்களில் ஜெர்மன் குடிமக்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ரைபிள் ஒரு சிப்பாயின் பையில் அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஸ்கோப் தோலுறையோடு வேறெங்கோ போனது. ஒவ்வொரு ஸ்கோப்பும் அதனதன் ரைபிளுக்கென்று அராவப்பட்டது. இன்னொன்றை வாங்கி மாட்டினால் உட்காராது.

வெற்றுப் பீடத்தை அராவித் தள்ளிவிட்டு புதுப் பட்டை போடுங்கள் என்பார்கள் சிலர். கேட்காதீர்கள். பீடம் இருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதற்குப் பொருந்தும் நகங்களைப் புதிதாகச் செய்யச் சொல்வதே நியாயம். கூலி ஸ்கோப்பின் விலையைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வளையத்தின் அளவைச் சொல்லிவிடுங்கள்: ஜெர்மன் குழாய் 26 மில்லிமீட்டர், அமெரிக்கக் குழாய் 25.4, இப்போது பரவலாக விற்பது 30. பல பழைய ஸ்கோப்புகளில் மேல்கீழ் மட்டுமே திருத்த முடியும்; இடவலத் திருத்தம் பின்பீடத்தின் திருகுகளில் இருந்தது. புது ஸ்கோப்பில் இரண்டும் உள்ளேயே இருப்பது வசதிதான். ஆனால் 56 மில்லிமீட்டர் வாயுள்ள நவீன ஸ்கோப் மிக உயரத்தில் உட்காரும். பழைய கட்டையில் கன்னம் வைத்தால் கண் எட்டாது. சிறிய வாயுள்ள நான்கு மடங்கு ஸ்கோப்தான் இந்த ரைபிள்களுக்கு அழகு, பொருத்தமும்கூட. இருட்டில் கொஞ்சம் தோற்கும், தோற்கட்டும்.

வேலை முடிந்து வாங்கும்போது பணத்தை உடனே நீட்டாதீர்கள். மூன்று குண்டு சுடச் சொல்லுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி மூன்று. ஐந்து தடவை இப்படிச் செய்த பிறகு அட்டையைப் போய்ப் பாருங்கள். எது எந்த மூன்று என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் பர்ஸைத் திறக்கலாம்.