மேட்டூரை எதிர்பார்க்காத செடி

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே இருக்காது. மேட்டூரில் எத்தனை அடி, கல்லணைக்கு எப்போது வரும், கடைமடைக்குச் சேருமா? குறுவை போடுகிறவருக்கும் போடாதவருக்கும் இதே விசாரம். திருவையாற்றுப் பக்கம் அத்தை வீட்டுக் கொல்லையில் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கூட்டம் நிற்கும். கிணற்றடிச் சலதாரையை ஒட்டிய கல்வாழை. அரிசி களைந்தது, பாத்திரம் தேய்த்தது, குளித்தது என்று வீட்டுக்கு வேண்டாத தண்ணீரெல்லாம் அதற்குத்தான்.

நானும் வளர்ப்பேன் என்று மஞ்சள் பூச்செடியிலிருந்து விதை எடுத்து வந்தேன். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விதை. ஈரத்துணியில் கட்டி ஒரு மாதம் வைத்தும் அசையவில்லை.

"கல்லுன்னு பேருலேயே இருக்கேடா! சிமெண்டுத் தரையில தேய்ச்சு, உள்ள வெள்ளை தெரிஞ்சப்புறம் ஊறப்போடு" என்றாள் அத்தை.

தேய்த்தேன், முளைத்தது. அந்த ஓடு லேசுப்பட்டதல்ல. அர்ஜென்டினாவில் பழங்காலக் கல்லறை ஒன்றில் கிடைத்த விதை, ஏறக்குறைய 600 ஆண்டு வயதில் முளைவிட்டதாக 1971இல் 'நேச்சர்' இதழ் எழுதியது. இதன் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். லின்னேயஸ் 1753இல் 'கன்னா இண்டிகா' என்று பெயர் வைத்ததால் நம்மூர்ச் செடி போலத் தோன்றுகிறது.

என் செடி பூத்தபோது நிறம் சிவப்பு! ஒட்டுரக விதை தாயைப்போல வராது. அதே நிறம் வேண்டுமென்றால் கிழங்குதான் வழி. இஞ்சி, மஞ்சளுக்கு உறவுக்காரச் செடிதானே. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண் இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடவேண்டும். நல்ல வெயில், கொஞ்சம் மக்கிய சாணம். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு அறுத்தால் பக்கத்துக் குருத்து மேலே வரும். இலையில் ஆரஞ்சு நிறத் துருப்புள்ளி கண்டால் அந்த இலையைக் கிள்ளி எரித்துவிடலாம். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை தூரைப் பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ சிறுத்துவிடும். பிரித்ததை என்ன செய்வது? அண்டை வீட்டுக்குத்தான். எங்கள் தெருவில் கல்வாழையைக் காசு கொடுத்து வாங்கியவர் யாருமில்லை.

இப்போது கொல்லைகளில் சிமெண்டு பூசிவிட்டோம். கிணறு போய் போர் வந்தது. சலதாரை குழாய்க்குள் ஒளிந்துகொண்டது. கல்வாழையும் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், கழிவுநீரைச் சுத்தப்படுத்தப் பொறியாளர்கள் கட்டும் கூழாங்கல் படுகைகளில் இன்று இதையேதான் நடுகிறார்கள். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி உறிஞ்சிக்கொள்கிறது. அத்தை அதைப் படித்தவளில்லை. சலதாரை நாறக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

தஞ்சாவூரில் என் வீட்டுச் சமையலறைக் குழாயைப் போன வருடம் பின்பக்கம் நான்கடி மண்ணுக்குத் திருப்பினேன். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. அத்தை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்த கிழங்கு அங்கே இடுப்புயரம் நிற்கிறது. காலையில் பேப்பரைப் பிரித்து அணை நிலவரம் பார்க்கிறேன். உள்ளே யாரோ அரிசி களைகிறார்கள்.